மறுமுனை

எனக்கு அப்பொழுது வயது பத்து. 1995ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மழைநாள் காலை, நாவலப்பிட்டி புகையிரத நிலையத்தில் அம்மாவைக் கொழும்பு வண்டியில் ஏற்றிவிட்டோம். அப்பாவின் நோயினால் ஏறிய கடனைத் தீர்ப்பதற்காக அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். வண்டி மறைந்ததும் அப்பாயி என் கையைப் பற்றி, "இரண்டே வருஷம்தான்டா" என்றாள். பத்து வயதுச் சிறுவனுக்கு இரண்டு வருஷம் முடிவற்ற காலமன்றோ!

அந்நாட்களில் என்னைத் தாங்கி நின்ற பெயர் முத்தையா முரளிதரன். கண்டியிலே பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர். எங்கள் முன்னோரைப் போலவே தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்த ஒருவரின் பேரர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவர் தந்தையாரின் பிஸ்கட் தொழிற்சாலை தீக்கிரையானதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். குலைந்தது எங்கள் வீடு மட்டுமே என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு துணையாயிற்று.

டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் டெஸ்ட் போட்டியை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. பந்தைப் போட்டுவிட்டு அவர் வெளியேறிவிடுவார் என்றே நினைத்தேன். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கிருந்து அவர் தொடர்ந்து வீசினார்.

அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது என்பதும், எறிவதுபோல் தோன்றுவது கண்மயக்கே என்பதும் 1996ஆம் ஆண்டுச் சோதனைகளில் தெளிவாயின. அன்று இவை எதுவும் எனக்குத் தெரியாது. அவர் நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதுவரை, "எப்போது வருவாய்?" என்று மட்டுமே அம்மாவுக்கு எழுதிவந்தேன். அன்றிரவு முரளியின் கதையை எழுதினேன். தங்கைக்குச் சடை பின்னப் பழகிக்கொண்டதையும் எழுதினேன்.

2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் கொலிங்வுட்டை வீழ்த்தி, 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வோர்னின் உலக சாதனையை முரளி கடந்தார். தொலைக்காட்சியின் முன் என்னருகே அம்மா அமர்ந்திருந்தாள். கிரிக்கெட் அவளுக்குப் புரியாது.

"நீ எழுதினாயே, அந்தப் பிள்ளையா?" என்று கேட்டாள்.

"ஆமம்மா."

"அந்தக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் அங்கே நான் நிம்மதியாகத் தூங்கினேன்" என்றாள்.