ஸ்பானிய எழுத்துப் பாடத்தில் மாற்று மதிப்பீட்டு முறைகள்

திறவுச்சொற்கள்: ஒப்பந்த மதிப்பீடு, உழைப்புசார் மதிப்பீடு, வரையறைசார் மதிப்பீடு, பிழை தவிர்ப்பு, மரபுமொழி பேசுநர்

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஸ்பானியத் துறைகளில் மூன்றாம் ஆண்டளவில் இடம்பெறும் கட்டுரையெழுத்துப் பாடம், மொழிகற்றலுக்கும் இலக்கியப் பயிற்சிக்கும் இடைப்பட்ட வாயிலாக அமைகிறது. வருணனை, கதைகூறல், விளக்கம், வாதம் என்னும் வகைகளில் மாணவர் எழுதிப் பழகுகின்றனர். இலக்கணப் பிழைதோறும் மதிப்பெண்ணைக் குறைப்பது இத்தகைய பாடங்களில் பரவலான வழக்கம். அவ்வழக்கம் எழுதுவோரின் துணிவை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதையும், மாற்றாக முன்வைக்கப்பட்ட முறைகளுள் எது மொழிப்பாடத்திற்குப் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழையும் தவிர்ப்பும்

விருப்பம், ஐயம், உணர்ச்சி முதலியவற்றைச் சார்ந்து வரும் செயலைக் குறிக்க ஸ்பானியத்தில் சப்ஜங்டிவ் என்னும் தனி வினைவடிவம் உண்டு. 'நீ வருவாய் என நம்புகிறேன்' என்பதற்கு 'எஸ்பேரோ கே பெங்காஸ்' என எழுதவேண்டும், 'பெங்காஸ்' அவ்வடிவம். அதில் தடுமாறும் மாணவர் 'எஸ்பேரோ பெர்தே' (உன்னைக் காண்பேன் என நம்புகிறேன்) என எழுதி ஒதுங்கிக்கொள்ளலாம். அத்தொடரில் பிழையில்லை, மதிப்பெண்ணும் குறையாது. கற்கவேண்டிய வடிவம் மட்டும் கற்கப்படாமலே நின்றுவிடுகிறது. சீனமும் ஜப்பானியமும் பேசும் மாணவர் ஆங்கிலச் சார்புத் தொடர்களில் குறைவாகப் பிழைசெய்ததற்குக் காரணம் அவற்றை அவர்கள் குறைவாகவே பயன்படுத்தியமைதான் என்று ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் சுட்டினார். பிழைகளை மட்டும் எண்ணும் மதிப்பீட்டிற்கு இத்தவிர்ப்பு புலப்படுவதே இல்லை.

இலக்கணத் திருத்தம் பயனற்றது என 1996இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டதும், 1999இல் டானா பெர்ரிஸ் அதனை மறுத்ததும் இத்துறையினர் நன்கறிந்தவை. அவ்விவாதம் திருத்தத்தைப் பற்றியது, மதிப்பெண்ணைப் பற்றியதன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. பள்ளி மாணவரிடம் ரூத் பட்லர் நிகழ்த்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றோர் மேம்பட்டனர். கருத்துரையுடன் மதிப்பெண்ணையும் பெற்றோரிடம் அப்பயன் காணப்படவில்லை. எண் அருகிலிருக்கும்போது கருத்துரை அந்த எண்ணுக்கான விளக்கமாகவே வாசிக்கப்படுகிறது எனக் கொள்ள இடமுண்டு.

ஒரே வகுப்பில் இருவகை மாணவர்

வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த மரபுமொழி பேசுநர்க்குத் தனிப்பிரிவு இல்லாத துறைகளில், அவர்களும் அதனை இரண்டாம் மொழியாகக் கற்போரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். முன்னவர் சப்ஜங்டிவ் வடிவத்தைப் பேச்சில் இயல்பாகக் கையாள்பவராக இருக்கலாம். எழுத்தில் அசைக்குறியைத் தவறவிடுவார், அல்லது 'ஆயா' என்னும் ஏட்டுவடிவத்திற்குப் பதிலாக 'ஐகா' என எழுதுவார். 'ஐகா' பழைய ஸ்பானியத்திலும் வழங்கிய வடிவம். இன்றும் நாட்டுப்புறப் பேச்சில் வாழ்கிறது. அதனைச் சிவப்பு மையால் அடிக்கும்போது மாணவர் தம் பாட்டியின் மொழியே பிழையானது என்று புரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு.

அசைக்குறிகள் அனைத்தும் அற்பமானவை என்பதன்று இதன் பொருள். 'ஆப்லோ' என்பதில் குறியில்லையெனில் 'பேசுகிறேன்'. இறுதி உயிரில் குறியிட்டால் 'பேசினார்'. ஆனால் 'மட்டும்' என்னும் பொருள்தரும் 'சோலோ' என்னும் சொல்லின் குறியைப் பற்றி, 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச மொழிக்கழகமே 2010இலும் 2023இலும் விவாதித்தது. இவ்விருவகைக் குறிகளுக்கும் ஒரே அளவில் மதிப்பெண் கழிப்பது எவ்வகையிலும் நியாயமாகத் தோன்றவில்லை.

மாற்று முறைகள்

ஜேன் டேனியலேவிச்சும் பீட்டர் எல்போவும் 2009இல் விளக்கிய ஒப்பந்த மதிப்பீட்டில், வருகை, வரைவு, திருத்தியெழுதுதல் முதலிய கடமைகளை நிறைவேற்றிய மாணவர்க்கு 'பி' தரம் உறுதி. அதற்கு மேற்பட்ட தரத்தை எழுத்தின் சிறப்பைக் கொண்டு ஆசிரியர் முடிவுசெய்வார். அசாவ் இனோவே 2019இல் வெளியிட்ட நூலில், உயர்தரத்தையும் உழைப்பே தீர்மானிக்கவேண்டும் என்றார். தரமென்று கருதப்படுவது பெரும்பாலும் ஆதிக்கக் குழுவின் மொழிவழக்கே என்பது அவர் வாதம். மரபுமொழி பேசுநர் நிலையை நோக்க, இவ்வாதம் வலுவுடையது.

எனினும் இம்முறையை ஸ்பானியப் பாடத்தில் அப்படியே ஏற்பது கடினம். உழைப்பை அளப்பது இறுதியில் நேரத்தை அளப்பதாகவே முடிகிறது. பகுதிநேர வேலை பார்ப்பவர், உடல்நலக் குறைவுடையவர் ஆகியோர்க்கு நேரமே அரிது. மாற்றுத்திறனாளர் நோக்கிலிருந்து எலன் கரில்லோ 2021இல் இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டினார். மேலும், அடுத்த பருவத்தில் இலக்கியப் பாடம் காத்திருக்கிறது. இறந்தகால வினைகள் இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத மாணவரை உழைத்தார் என்பதற்காக மட்டும் அங்கே அனுப்புவது அவருக்கு உதவியாகாது.

லிண்டா நில்சன் 2015இல் முன்வைத்த வரையறைசார் மதிப்பீடு இவ்விடர்ப்பாட்டிற்கு ஓரளவு வழிகாட்டுகிறது. ஒவ்வொரு பணிக்கும் நிறைவேற்றவேண்டிய வரையறைகள் முன்னரே எழுத்தில் தரப்படும்; பணி நிறைவுற்றதா இல்லையா என்பது மட்டுமே முடிவு. நிறைவுறாதவற்றை மீண்டும் எழுத, குறிப்பிட்ட எண்ணிக்கையில் டோக்கன்கள் வழங்கப்படும். கதைகூறும் கட்டுரைக்கு, பின்னணியைக் குறிக்கும் இறந்தகாலமும் நிகழ்வைக் குறிக்கும் இறந்தகாலமும் ஒரே பத்தியில் எதிரெதிராக வரவேண்டும் என்பது ஒரு வரையறையாகலாம். வாதக் கட்டுரைக்கு, சப்ஜங்டிவ் தொடர்கள் மூன்றையேனும் முயன்றிருக்கவேண்டும். முதல் வரைவில் அவை தவறாக இருப்பினும் பணி தள்ளப்படாது என விதிக்கலாம். அப்போது தவிர்ப்பவரே வரையறையை மீறியவர் ஆவார். முயன்று தவறியவர் அல்லர். மரபுமொழி பேசுநர்க்கு, தம் வட்டார வடிவத்தையும் ஏட்டுவடிவத்தையும் அருகருகே குறித்து, எந்தச் சூழலில் எதனைத் தேர்ந்தார் என விளக்கும் சிறு குறிப்பை வரையறையாக்கலாம்.

இதிலும் ஆசிரியரின் சுமை குறைவதில்லை. மீள்வரைவுகள் பருவ இறுதியில் குவியும். பல்கலைக்கழக அலுவலகத்திற்கு அனுப்பவேண்டிய எழுத்துத்தரமும் நீங்குவதில்லை. டோக்கன்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றையும் பயன்படுத்தவேண்டிய கெடுவையும் பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தில் அச்சிட்டுவிடுவது நடைமுறையில் முதற்பணியாகிறது.