அரைத் தட்டுச் சோறும் நிறைந்த வயிறும்

  

பசி என்றால் என்னவென்று வன்னி மண்ணின் மக்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலும் கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலும் வாழ்ந்தோர் நெல்லையும் மாடுகளையும் விட்டுவிட்டே புறப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் நிவாரண அரிசியையும் கோதுமை மாவையும் நம்பிப் பல்லாண்டுகள் கழிந்தன. 2009 வரை நீடித்த போரில் வன்னியின் தமிழ்ச் சகோதரர்களும் ஒரு வேளைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றனர். இத்தலைமுறைக்கு, பிள்ளையின் தட்டில் குவியலாய்ச் சோறு வைப்பது அன்பின் அடையாளம் மட்டுமன்று, பாதுகாப்பின் அடையாளமுமாகும்.

இன்று அந்தப் பிள்ளையே, "உம்மா, எனக்குச் சோறு வேண்டாம், மாச்சத்தைக் குறைக்கிறேன்" என்று கூறும்போது தாயின் மனம் துணுக்குறுகிறது. மகனோ இரண்டு நாள் பசியோடு போராடி, மூன்றாம் நாள் இரவு பிஸ்கட் டின்னைக் காலி செய்துவிட்டுச் சோர்ந்து போகிறான். இருவருக்கும் பயன்படும் சில உண்மைகளை இங்கு நோக்குவோம்.

ஏன் இந்தக் கவலை?

இலங்கையில் 2005–2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்றில், 20 வயதைத் தாண்டியோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. நகர்ப்புறத்தில் அது 16.4 வீதமாக இருந்தது. நோயுற்றோரில் மூன்றிலொரு பங்கினருக்கும் மேலானோர் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. அதன் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்துள்ளது. காலையில் பாண், பகலில் சோறு, மாலையில் சீனி நிறைந்த தேநீரும் பணிசும், இரவில் இடியப்பம் அல்லது கொத்துரொட்டி என நான்கு வேளையும் மாச்சத்தே நம் வயிற்றை நிரப்புகிறது. அதைக் குறைக்க விரும்பும் இளைஞரின் எண்ணம் நல்லதே. வழிமுறைதான் திருத்தப்பட வேண்டும்.

பசி எவ்வாறு எழுகிறது?

தீட்டிய வெள்ளையரிசியும் பாணும் சீனியும் விரைவில் சமிபாடடைந்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகின்றன. அதை அடக்க இன்சுலின் சுரக்கிறது. பலருக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து, வயிறு நிறைய உண்ட பின்பும் மீண்டும் பசி தலைதூக்குகிறது.

மற்றொன்றும் உண்டு. வெறும் வயிற்றில் 'கிரெலின்' எனும் சுரப்பு ஊறி, மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. 1999 ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். நாம் வழமையாக உண்ணும் நேரத்தில் இது உயர்கிறது. உண்ணாவிடினும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது. ரமழானின் முதல் நாட்களில் பகல் ஒரு மணிக்கு வயிற்றைக் கிள்ளும் பசி அஸர் வேளையில் அடங்கியிருப்பதை நோன்பாளிகள் அனைவரும் அனுபவத்தில் அறிவர். ஆகவே எழுகின்ற பசியெல்லாம் உடலின் தேவையன்று. சில பசி கடிகாரத்தின் பழக்கமே.

நிறைவு எங்கிருந்து வருகிறது?

வயிறு விரிவதாலும், குடலில் சுரக்கும் சில பதார்த்தங்கள் மூளைக்குச் செய்தி அனுப்புவதாலும் நிறைவு உண்டாகிறது. இச்செய்தி போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர், செய்தி வருமுன்னரே இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொள்கிறார். புரதம், நார்ச்சத்து, நீர் ஆகிய மூன்றும் நிறைவை நீடிக்கச் செய்கின்றன.

1995 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அனைத்திலும் அதிக நிறைவைத் தந்தது அவித்த உருளைக்கிழங்கு! வெள்ளைப் பாணைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் அது பசியை ஆற்றியது. மீனும் உயர்ந்த இடத்தைப் பெற்றது. உருளைக்கிழங்கும் மாச்சத்து உணவே. எனவே மாச்சத்தை எதிரியாக்குவதால் மட்டும் பசி அடங்காது; தட்டில் குறைத்த சோற்றின் இடத்தை எது நிரப்புகிறது என்பதே முக்கியம். பலர் தவறுவது இங்குதான். சோற்றைக் குறைத்துவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடுகின்றனர். இரவில் பசி அதற்கு வட்டியும் சேர்த்து வசூலிக்கிறது.

வன்னித் தட்டு

இதற்கு வெளிநாட்டுப் பண்டங்கள் தேவையில்லை. தட்டில் பாதியை முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, புடலங்காய், வெண்டிக்காய், பயற்றங்காய் ஆகியன நிரப்பட்டும். காற்பங்கில் குளத்து விரால், கடல் மீன், இறால், முட்டை, கோழி ஆகியவற்றுள் ஒன்று இருக்கட்டும். வசதி குறைந்த நாளில், நம் வயல்களில் விளையும் பயறும் கௌபியும் போதும். எஞ்சிய காற்பங்கில் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு. கறியையும் கீரையையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால் சர்க்கரை உயர்வதும் மட்டுப்படும். மாலைப் பசிக்குப் பணிசை விட ஒரு கைப்பிடி அவித்த கச்சான் சிறந்தது.

முதல் வாரத்தில் தலைவலியும் களைப்பும் தோன்றலாம். உடல் சேமித்த மாச்சத்துடன் அதைப் போல் ஏறக்குறைய மூன்று பங்கு நீரும் தங்கியிருக்கும். சேமிப்புக் கரையும்போது நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. இந்தத் தாகத்தைப் பலர் பசியென எண்ணி உண்கின்றனர். முதலில் நீர் அருந்திப் பாருங்கள். அவ்வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே என்பதால், அதைக் கண்டு மிதமிஞ்சி மகிழவும் வேண்டாம்.

மாச்சத்தை அடியோடு ஒழிக்கவும் வேண்டியதில்லை. இந்தியாவில் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து சென்னை நீரிழிவு அறிஞர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள, உணவுச் சக்தியில் மாச்சத்தை 49 முதல் 54 வீதமாகக் குறைத்துப் புரதத்தை 19 முதல் 20 வீதமாக உயர்த்துமாறு பரிந்துரைத்தது. அதாவது சோறு தட்டிலேயே இருக்கிறது. அதன் ஆட்சி மட்டுமே குறைகிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியோர்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ பாவிப்பவர்கள், வைத்தியரிடம் கேளாது சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் ஏற்படலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றோடு வரும் பசி பொறுத்துக்கொள்ள வேண்டிய பசியன்று. உடனே சீனி கலந்த நீரை அருந்த வேண்டும். நோன்பு நோற்றிருந்தாலும் அவ்வேளையில் நோன்பை விடுவதற்கு மார்க்கம் அனுமதி அளித்திருக்கிறது.

வவுனியா உட்பட வன்னியின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. அந்நோயுடையோருக்கு அதிக புரதம் தீங்கு விளைவிக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் சிறுவர்களும் இம்முறையைத் தாமாகவே கைக்கொள்ளலாகாது. வெயிலில் மண்வெட்டி பிடிப்பவரின் தட்டும், நாள் முழுதும் கதிரையில் அமர்ந்திருப்பவரின் தட்டும் ஒன்றாக இருக்கவும் முடியாது.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம்விடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். நம் விருந்துகளில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்திலும் ஒரு நன்மை உண்டு. பேசிக்கொண்டு மெதுவாக உண்பவருக்கு நிறைவின் செய்தி உரிய வேளையில் வந்து சேர்கிறது.

வாலிபர்களே! உங்கள் உம்மா சமைத்ததை ஒதுக்கித் தள்ளாதீர்கள். சோற்றைக் குறைத்து, அவர் கையால் ஆக்கிய கறியைக் கூடுதலாகக் கேளுங்கள். பெற்றோரே! பிள்ளை சோற்றை மறுப்பது உங்கள் அன்பை மறுப்பதாகாது. பசி தெரியாமல் பிள்ளை வளர வேண்டுமென்று அன்று பாடுபட்டீர்கள். நோய் தெரியாமலும் வளர இன்று தட்டை மாற்றிப் பரிமாறுங்கள். ஸஹரில் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் கௌபியும் வைத்து அதைத் தொடங்கலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான உணவையும், அளவறிந்து உண்ணும் மனத்தையும், நோயற்ற வாழ்வையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.