பழைய கார் பராமரிப்பு – 9: பெயர் தெரியாத ஒயர்கள்

அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களின் டேஷ்போர்டைக் கழற்றினால், எதிலும் சேராமல் தொங்கும் ஒயர்கள் சில கண்ணில் படும். எப்போதோ மாட்டிக் கழற்றிய ரேடியோவின் மிச்சமாக இருக்கலாம்; காரின் மூல ஒயரிங்கிலிருந்து விடுபட்டதாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை அந்த ஒயர்களை வெட்டவோ இணைக்கவோ கூடாது. நிறம், மின்சாரம் வரும் நேரம், மறுமுனை ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலான ஒயர்கள் அடையாளம் தெரிந்துவிடும்.

முதலில் நிறம். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான டிரையம்ப் ஹெரால்டு. இரண்டின் ஒயரிங்கும் இங்கிலாந்தின் லூகாஸ் நிற ஒழுங்கைச் சார்ந்தவை. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. கத்தரிப்பூ நிறம், சாவி இல்லாமலே ஃபியூஸ் வழி வருவது. ஹாரன் இதில் சேரும். சிவப்பு பார்க்கிங் விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது, கறுப்புக் கோடு பெட்ரோல் மீட்டர். வெளுத்த ஒயரில் டேப்பைச் சற்று உரித்தால் உள்ளே பழைய நிறம் தெரியும். ஃபியட் வழி வந்த பிரீமியர் பத்மினிக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. பின்னாளில் மாட்டிய ஒயர் எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால், நிறத்தைக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அடுத்து, மின்சாரம் வரும் நேரம். தொங்கும் முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியே டேப் சுற்ற வேண்டும். பாசிட்டிவ் எர்த் உள்ள கார்களும் உண்டு. பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைச் சுரண்டிய பாடி இரும்பில் மாட்டி, ஒவ்வொரு ஒயராகத் தொட வேண்டும். சாவி இல்லாமலே எரிந்தால் பேட்டரி நேரடி. சாவி போட்டபின், விளக்கு சுவிட்ச், பிரேக், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக இயக்கி, லேம்ப் எதற்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடாமல் சாவியை நீண்ட நேரம் போட்டுவைத்தால் இக்னிஷன் காயில் சூடேறும்; சோதனையின்போது காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவைப்பது நல்லது.

எதற்குமே எரியாத ஒயருக்கு மறுமுனையைத் தேட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஒரு முள்ளை ஒயரிலும் மற்றதை ஒவ்வொரு டெர்மினலிலும் வைத்துப் பார்க்கலாம். கதவைத் திறக்கும்போது மட்டும் எர்த் காட்டினால் உள்விளக்கின் சுவிட்ச் ஒயர். எஞ்சின் நிற்கும்போது எர்த் காட்டி, ஓடும்போது விடுபட்டால் ஆயில் பிரஷர் ஒயர். ஓடும்போது பார்க்கப் பேட்டரியும் காயில் ஒயரும் மாட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் அளவுக்கேற்ப ஓம் மதிப்பு மாறினால் டேங்கின் மிதவை ஒயர். இதற்கு ஒருபோதும் 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கக் கூடாது.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஆரம்பாக்கம் போன்ற ஊர்களில் இன்னொரு சோதனையும் கட்டாயம். உப்புக் காற்று செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏற்றும். எர்த் போல்ட் துருப்பிடிக்கும். எர்த் கெட்டால் மின்சாரம் வேறு பல்ப் வழியாகத் திரும்பி, ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மங்கலாக எரியும். நல்ல ஒயரும் சந்தேகத்துக்கு உள்ளாகும். விளக்கு எரியும்போது அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, கிரீஸ் தடவ வேண்டும்.

அடையாளம் தெரிந்த ஒயருக்கு உடனே சீட்டு ஒட்டி, ஒயரிங் படத்திலும் குறிக்க வேண்டும். தேவைப்படாத ஒயரை அது புறப்படும் இடத்திலேயே கழற்றிவிடுவதே பாதுகாப்பு. மின்சாரத்தோடு முனையை மட்டும் வெட்டி உள்ளே தள்ளினால், அது இரும்பில் உரசித் தீப்பிடிக்க இடமுண்டு.

(தொடரும்)