நாடாளுமன்றத்துக்கு மனு: யார் அனுப்பலாம், எதைக் கேட்கலாம்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோருக்கு ஊதியம், பி.எஃப்., ஓய்வூதியம் தொடர்பான விதிகள் டெல்லியில் முடிவாகின்றன. சாலை, வடிகால், பட்டா போன்றவை காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் முடிவாகின்றன. எந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கலாம், அதற்கு என்ன நடைமுறை என்பது குறித்த விளக்கம் இது.

பொதுமக்கள் நாடாளுமன்றத்துக்கே மனு கொடுக்க முடியுமா?

முடியும். மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரு அவைகளின் விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. ஒவ்வோர் அவையிலும் மனுக்கள் குழு தனியாகச் செயல்படுகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில், 1924-இல் அமைக்கப்பட்ட குழுவின் தொடர்ச்சியே இன்றைய மக்களவை மனுக்கள் குழு. நூறாண்டு கடந்த இந்த உரிமை, ஆட்சியர் அலுவலக மனு நாள் அளவுக்கு மக்களிடம் அறிமுகம் ஆகவில்லை.

எந்தெந்த விஷயங்களுக்கு மனு கொடுக்கலாம்?

மக்களவை விதிகளின்படி மூன்று வகை உண்டு. அரசிதழில் வெளியிடப்பட்ட அல்லது அவையில் அறிமுகமான மசோதா முதலாவது. அவையின் முன் நிலுவையில் உள்ள அலுவல் தொடர்பான விஷயம் இரண்டாவது. பொதுமக்கள் நலன் சார்ந்த பொதுவான விஷயம் மூன்றாவது. எந்த வகையானாலும் மனுவை அவையில் அளிக்க மக்களவைத் தலைவரின் ஒப்புதல் தேவை.

எவை ஏற்கப்படாது?

நீதிமன்றம், தீர்ப்பாயம், விசாரணை ஆணையம் ஆகியவற்றின் வரம்புக்குள் வரும் விஷயங்கள் ஏற்கப்படாது. மாநிலச் சட்டப்பேரவையில் எழுப்ப வேண்டியவையும், ஏற்கெனவே சட்டத்திலேயே தீர்வுக்கு வழி உள்ளவையும் அப்படியே. எடுத்துக்காட்டாக, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களது சங்கத்தைப் பதிவு செய்வது தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தது. அத்தகைய நிலையில் அதே பதிவைக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு அளிக்க விதி இடம் தராது.

மத்திய அரசின் விஷயம், மாநில அரசின் விஷயம் என்று எப்படிப் பிரித்தறிவது?

சாலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை. அதன் பராமரிப்பு, சுங்கக் கட்டணம் பற்றிய கோரிக்கை நாடாளுமன்றத்துக்கு உரியது. ஒரகடத்தில் சந்திக்கும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் மாநில நெடுஞ்சாலைகள் என்பதால், அவற்றில் பள்ளம் விழுந்தால் கேட்க வேண்டிய இடம் தமிழக அரசு. ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரி ரயில் பாதை கோரிக்கை மத்திய அரசுக்கும், சிப்காட் வளாகத்தின் வடிகால், தெருவிளக்கு ஆகியவை மாநில அரசுக்கும் உரியவை.

நிறுவனம் பி.எஃப். பணத்தைக் கட்டவில்லை. அதற்கு மனு அனுப்பலாமா?

அது நாடாளுமன்ற மனுவுக்கு உரியது அல்ல. பிடித்த பணத்தைச் செலுத்தாத நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்குச் சட்டப்படியே இருப்பதால், புகார் அங்குதான் செல்ல வேண்டும். ஒருவருக்கு நேர்ந்த விதிமீறலுக்குத் துறை அலுவலகமும், பலரைப் பாதிக்கும் விதியையே மாற்றக் கோருவதற்கு நாடாளுமன்றமும் உரிய இடங்கள்.

விதியை மாற்றக் கோருவது என்றால் என்ன?

ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்தால் விளங்கும். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.15,000-ஐத் தாண்டிய பலரது சீட்டில் பி.எஃப். பிடித்தம் ரூ.1,800 என்றே நிற்கும். 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட ரூ.15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் அது. நிறுவனமும் தன் பங்காக அதே தொகையைச் செலுத்துகிறது, அதில், ரூ.15,000-இன் 8.33 சதவீதமான ரூ.1,250 ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. பிடித்தம் சரியாகவே நடந்திருக்க, உச்சவரம்பு குறைவு என்பதே குறை என்றால், அது பொதுநலன் சார்ந்த மனுவுக்குப் பொருந்தும்.

இந்த ஓய்வூதியம் எவ்வளவு கிடைக்கும்?

1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டுப் பணி தேவை. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ரூ.15,000 ஊதியத்தில் 15 ஆண்டு வேலை செய்தவருக்கு இக்கணக்கில் மாதம் ஏறத்தாழ ரூ.3,214 வரும். ஒப்பந்த வேலையாக ஆலை மாறி ஆலை சென்று, இடையில் பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டவர்களுக்கு 10 ஆண்டுக் கணக்கே நிறையாமல் போகிறது என்பது கவனிக்க வேண்டியது.

ஓய்வூதியம் குறித்து இதற்கு முன் யாராவது மனு அளித்துள்ளனரா?

அளித்துள்ளனர். இத்திட்டத்தில் திருத்தம் கோரும் மனு ஒன்றை பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு விசாரித்து, 2013 செப்டம்பர் 3-ஆம் தேதி தனது 147-ஆவது அறிக்கையை அளித்தது. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை மாதம் ரூ.3,000 ஆக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் தங்கள் கோரிக்கைகளில் ‘கோஷியாரி குழு’ என்று குறிப்பிடுவது இந்த அறிக்கையைத்தான்.

ரூ.3,000 வழங்கப்பட்டதா?

இல்லை. மத்திய அரசு 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை ரூ.1,000 என நிர்ணயித்தது. மனுக்கள் குழு பரிந்துரை செய்யலாம், உத்தரவிட முடியாது; பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. மனு அளிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய முதல் உண்மை இதுவே.

அப்படியானால் மனுவால் என்ன பயன்?

அமைச்சகம் தன் நிலையை எழுத்தில் விளக்க வேண்டி வருகிறது. குழுவின் அறிக்கை அவையின் நிரந்தர ஆவணம் ஆகிறது. முன்னாள் படைவீரர்களின் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கையை இதே மாநிலங்களவைக் குழு 2011 டிசம்பரில் அளித்த 142-ஆவது அறிக்கையில் ஆதரித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பர் 7-இல், 2014 ஜூலை 1-ஐக் கணக்குத் தேதியாகக் கொண்டு அரசாணை வெளியானது. அந்த நான்கு ஆண்டுகளும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படைவீரர்கள் போராட வேண்டியிருந்தது.

இ.எஸ்.ஐ. உச்சவரம்பை உயர்த்தக் கோரலாமா?

கோரலாம். 2017 ஜனவரியில் மாதம் ரூ.21,000 என உயர்த்தப்பட்ட இந்த வரம்பை நிர்ணயிப்பது மத்திய அரசு. ஊதிய உயர்வால் வரம்பைத் தாண்டுவோர், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் மருத்துவப் பாதுகாப்பை இழக்க நேர்வது தொழிற்பேட்டைப் பகுதியில் பலரையும் தொடும் பொதுப் பிரச்சினை.

மனுவில் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும்?

ஒருவர் கையெழுத்தே போதும். குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணையவழி மனுக்களில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதிலும், 1 லட்சம் கையெழுத்துக்கு விவாதப் பரிசீலனையும் உண்டு. இந்தியாவில் அத்தகைய எண்ணிக்கை வரம்பு கிடையாது. தனியார் இணையதளங்களில் திரட்டப்படும் ஆதரவு, விதிப்படியான மனு ஆகாது.

மனுவை எப்படி எழுத வேண்டும்?

ஆட்சியர் அலுவலக வாசலில் எழுதித் தரப்படும் ‘அனுப்புநர், பெறுநர், பொருள்’ வடிவம் இங்கு இல்லை. மனு அதிகாரியின் பெயருக்கு அல்லாமல் அவைக்கு எழுதப்பட வேண்டும். மனுதாரர் யார், நிலைமை என்ன என்று சுருக்கமாகக் கூறி, என்ன செய்ய வேண்டும் என்ற திட்டவட்டமான வேண்டுகோளுடன் முடிய வேண்டும். மரியாதையும் நிதானமும் உள்ள நடை கட்டாயம். மாதிரிப் படிவம் மக்களவை விதிகளின் முதல் அட்டவணையில் உள்ளது.

கையெழுத்து வாங்குவதில் நிபந்தனை உண்டா?

ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். மனு எழுதப்பட்ட தாளிலேயே குறைந்தது ஒருவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்துகள் கூடுதல் தாள்களுக்கு நீண்டால், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் வேண்டுகோளைத் திரும்ப எழுத வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலை வாசலில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பின்னர் இணைப்பது இதனால் செல்லாது.

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களை இணைக்க வேண்டுமா?

வேண்டாம். கடிதம், உறுதிமொழிப் பத்திரம் உள்ளிட்ட எந்த ஆவணத்தையும் மனுவுடன் இணைக்கக் கூடாது என்று விதி கூறுகிறது. விசாரணையின்போது குழு கேட்டால் ஆவணங்களை அளிக்கலாம்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் சேர்த்து, அதிலும் மனுதாரர் கையெழுத்திட வேண்டும். ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரில், பிகார் தொழிலாளி தன் மொழியில் நேரடியாக எழுதிவிட முடிகிறது. தமிழ்த் தொழிலாளியோ, ஒடியா பேசுபவரோ மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியுள்ளது. கையெழுத்திடும் முன், மொழிபெயர்ப்பு என்ன சொல்கிறது என்று படித்துக் காட்டச் சொல்வது அவசியம்.

தொகுதி எம்.பி.தான் மனுவை அளிக்க வேண்டுமா?

அவசியமில்லை. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர் (தனி), பல்லாவரம், தாம்பரம் ஆகிய 6 சட்டப்பேரவைத் தொகுதிகளைக் கொண்ட ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலில் டி.ஆர்.பாலு வென்றார், எனினும் எந்தத் தொகுதி உறுப்பினரும் மேலொப்பமிட்டு மனுவை அளிக்கலாம். உறுப்பினர் தன் சொந்த மனுவைத் தானே அளிக்க முடியாது. உறுப்பினர் யாரும் முன்வராவிட்டால், மக்களவைப் பொதுச் செயலாளருக்கு, நாடாளுமன்றம், புதுடெல்லி – 110001 என்ற முகவரிக்கு நேரடியாக அனுப்பலாம்.

இங்கு வாக்கு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்?

மனுவுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தொடர்பில்லை. விடுதியில் தங்கியிருப்பவரும் தெளிவான முகவரியுடன் கையெழுத்திடலாம்.

அமைச்சருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை மக்களவைத் தலைவருக்கும் அனுப்பினால் போதுமா?

போதாது. வேறு அதிகாரிக்கு எழுதி, அடியில் ‘நகல்’ என்று குறித்து அனுப்பப்படும் கடிதங்களைக் குழு பரிசீலிப்பதில்லை. அந்த நகலிலேயே அவையிடம் தனியாக வேண்டுகோள் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு. பெயரோ முகவரியோ இல்லாத கடிதங்களும் தள்ளப்படும்.

அவையில் மனு எப்போது, எப்படி அளிக்கப்படும்?

அமர்வு நடக்கும் நாளில், கேள்வி நேரத்துக்குப் பிறகான அன்றாட அலுவல்களுக்கிடையே அளிக்கப்படும். எத்தனை பேர் கையெழுத்திட்ட, எது தொடர்பான மனு என்ற ஒரே வாக்கியத்தை மட்டுமே உறுப்பினர் கூறலாம், விவாதம் கிடையாது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது சில நொடிகளில் கடந்துவிடும். அதன் பின் மனு தானாகவே மனுக்கள் குழுவுக்குச் செல்கிறது.

குழுவில் யார் இருப்பார்கள்?

மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். அவைத் தலைவர்கள் நியமிப்பார்கள். அமைச்சர்கள் மக்களவைக் குழுவில் இடம்பெற முடியாது. குழு அமைச்சகத்திடம் கருத்துக் கேட்கும். தேவைப்பட்டால் மனுதாரரையும் அதிகாரிகளையும் அழைத்து விசாரிக்கும், இடத்தை நேரில் பார்வையிடும்.

அதைவிட விரைவாகப் பதில் பெற வழி உண்டா?

தகவல் மட்டும் தேவை என்றால், எம்.பி. மூலம் வினா எழுப்புவது விரைவானது. மக்களவையில் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் வினாவைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் வாய்மொழிப் பதிலுக்கு 20 வினாக்களும், எழுத்துப்பூர்வப் பதிலுக்கு 230 வினாக்களும் பட்டியலாகும். எத்தனை நிறுவனங்கள் பி.எஃப். பாக்கி வைத்துள்ளன என்பது போன்ற கணக்கை அமைச்சரின் எழுத்துப்பூர்வப் பதிலில் பெற இதுவே ஏற்றது.

பூஜ்ய நேரத்தில் எழுப்பினால்?

பூஜ்ய நேரத்தில் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எம்.பி.க்கள் சுருக்கமாக எழுப்பலாம். அமைச்சர் அங்கேயே பதிலளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மக்களவையில் 377-ஆவது விதியின் கீழும் தொகுதிப் பிரச்சினையைப் பதிவு செய்யலாம். அதற்கு அமைச்சகம் பின்னர் எழுத்தில் பதில் அனுப்பும்.

தனிப்பட்ட குறைக்கு எங்கே போவது?

மத்திய அரசுத் துறைகள் மீதான குறைகளை ‘சிபிகிராம்ஸ்’ இணையதளத்தில் பதியலாம். 2024 ஆகஸ்ட் வழிகாட்டுதலின்படி பொதுவாக 21 நாள்களுக்குள் தீர்வு காண வேண்டும். மாநில அரசு சார்ந்தவற்றுக்கு, திங்கள்கிழமைகளில் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் உள்ளது. தமிழகச் சட்டப்பேரவைக்கும் தனி மனுக்கள் குழு உண்டு. மாவட்டங்களுக்கு அக்குழு வரும்போது மனு அளிக்கலாம்.

நாடாளுமன்ற மனுவுக்கு எவ்வளவு காலத்தில் முடிவு தெரியும்?

விதிகளில் கெடு எதுவும் இல்லை. அமைச்சகத்தின் பதில், குழுவின் அமர்வுகள், அறிக்கை, அதன் மீதான நடவடிக்கை என்று மாதங்கள் செல்லும், ஆண்டுகளும் ஆகலாம். கெடு இல்லாததே இந்த நடைமுறையின் பெரிய குறை.

அதற்குள் மக்களவையின் காலம் முடிந்துவிட்டால்?

மக்களவை கலைக்கப்பட்டால், அதன் குழுவில் நிலுவையில் உள்ள மனுக்கள் காலாவதியாகிவிடும். புதிய அவையில் மீண்டும் அளிக்க வேண்டும். தற்போதைய 18-ஆவது மக்களவையின் முதல் அமர்வு 2024 ஜூன் 24-இல் நடந்ததால், அதன் 5 ஆண்டுக் காலம் 2029 ஜூன் வரை. மாநிலங்களவை கலைக்கப்படுவதில்லை என்பதால் அங்கு அளிக்கும் மனுவுக்கு இந்த இடர் இல்லை. ஆனால் நிதி மசோதா போன்ற நிதி சார்ந்தவற்றுக்கு மக்களவையில் மட்டுமே மனு அளிக்க முடியும்.