உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில் ஏறும் பூங்கொடிகள்

● தொட்டிக்கு அடியில் கூழாங்கல்லும் உடைந்த ஓடும் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நர்சரிகளில் இன்றும் சொல்கிறார்கள். நடப்பது வேறு. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கல்லுக்கிடையே உள்ள பெரிய சந்துகளுக்கு அதை எளிதில் விட்டுத்தராது. அதனால் சொதசொதவென்று ஈரம் தேங்கும் பகுதி கல்லுக்கு மேலே ஏறி, வேரை நெருங்கிவிடுகிறது. துளையில் மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும். மீதி உயரம் முழுவதையும் மண்ணுக்கே கொடுங்கள்.

● கொடிக்கு அகலத் தட்டுத்தொட்டியைவிட உயரத் தொட்டி மேல் என்பதற்கும் இதுதான் காரணம். அடியில் ஈரம் தேங்கும் உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவை. தொட்டி குட்டையா நெட்டையா என்பது அல்ல. 6 அங்குல ஆழத்தில் அது வேருக்கான இடத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 14 அங்குலத்தில் அடிமட்டத்தோடு நின்றுவிடும்.

● 9 அங்குலத் தொட்டிக்கும் 12 அங்குலத் தொட்டிக்கும் வித்தியாசம் வெறும் 3 அங்குலம். ஆனால் பிடிக்கும் மண் இரண்டு மடங்குக்கும் மேல்: அகலமும் உயரமும் சமமான நேர்ச்சுவர்த் தொட்டி என்றால் முன்னது ஏறத்தாழ 9 லிட்டர், பின்னது 22 லிட்டர். சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் கொடி பிழைத்துக்கொள்வது இந்தக் கூடுதல் மண்ணால்தான். முல்லை, ரங்கூன் மல்லி போல ஆண்டுக்கணக்கில் நிற்கும் கொடிகளுக்கு 12 அங்குலத்துக்குக் குறைந்த தொட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

● நனைந்த செம்மண் கலவை நிறைந்த 20 லிட்டர் தொட்டி 30 கிலோ எடையை எளிதில் தொடும். மொட்டை மாடியின் நடுவில் குவிக்காமல், தூணும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் செங்கல் மேல் வையுங்கள். வடிதுளையும் அடைபடாது, தளமும் ஊறாது.

● மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீர் மட்டும் அடிக்கடி கேட்கும். கறுப்புப் பிளாஸ்டிக்கும் குரோ பேக்கும் அப்படியல்ல. மேற்கு வெயில் படும் பக்கத்து வேர்கள் சூட்டில் கருகும். சுற்றிலும் ஒரு கோணிச்சாக்கைக் கட்டிவிட்டால் போதும்.

● எல்லாக் கொடியும் ஒரே விதமாக ஏறுவதில்லை. இதை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், 1865இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரையே எழுதினார். முல்லைக்கும் சங்குப்பூவுக்கும் தண்டே சுற்றும். செங்காந்தளுக்கு இலைநுனி சுருண்டு பற்றும். மனோரஞ்சிதத்துக்குப் பூக்காம்பே கொக்கியாக வளைந்து மாட்டிக்கொள்ளும். காகிதப்பூ சுற்றவே சுற்றாது. முள்ளை ஊன்றிச் சாய்ந்து ஏறும், கட்டிவிடுவது நம் வேலை. ஆகவே கொடியைப் பார்த்துத்தான் பந்தல் போட வேண்டும். சுற்றும் தண்டுக்குச் சணல் கயிறோ மூங்கில் குச்சியோ உகந்தது. வழவழப்பான பிவிசி குழாயில் அது வழுக்கும். செங்காந்தளின் இலைநுனிக்கு மெல்லிய வலைதான் பிடிபடும். எதுவானாலும் செடி நடும் அன்றே குச்சியையும் நட்டுவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

● காகிதப்பூவில் நாம் ரசிக்கும் நிறம் இதழ் அல்ல, பூவைச் சூழ்ந்த பூவடிச் செதில்கள். நடுவில் தெரியும் சின்னஞ்சிறு வெளிர்க்குழல்தான் பூ. 1767இல் பூகன்வில் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்பயணத்தின்போது, தாவரவியலாளர் கொமெர்சன் இதை ரியோ டி ஜெனீரோவில் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆண்வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகைச் சுற்றி வந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறார். அந்தக் கொடிக்குத் தொட்டியில் வேர் நெருக்கமும் இரண்டு தண்ணீருக்கிடையே சற்றே காய்ச்சலும் இருந்தால்தான் பூ கொட்டும்.

● சங்குப்பூ விதையின் தோல் கடினமானது; இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றுங்கள். இது பயறு இனம். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அதற்கு மேல் யூரியா போட்டால் இலைதான் மண்டும்.

● ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிச் சிவக்கும்.

● மல்லிகை இனங்கள் புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் கத்தரிக்க மனம் வராதவர்கள் வீட்டில் பூவும் குறைவு. தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வது வழக்கம். தொட்டிக் கொடிக்கும் அதே கணக்குதான்.

● செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கில் முளை வருவது நுனியில் மட்டுமே. அது ஒடிந்தால் கிழங்கு வீண். பூத்து முடிந்து கொடி காய்ந்ததும் செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். கிழங்கு உறங்குகிறது, தண்ணீரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் மீண்டும் துளிர்க்கும். ஆனால் செடி முழுவதிலும் கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைத் தவிர்த்துவிடுங்கள். தோண்டி எடுத்த கிழங்கைச் சமையல் கிழங்குகள் இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.