நடைக்கு எத்தனை பெயர்கள்!

ஆங்கிலத்தில் 'வாக்' என்று ஒரு வினைச்சொல் இருக்க, ஸ்ட்ரோல், ட்ரட்ஜ், ஹைக், ட்ரெக் என்று இத்தனை சொற்கள் எதற்கு, நோட்ஸ் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் 'நடத்தல்' என்றே அர்த்தம் போட்டிருக்கிறதே என்று கல்லூரி மாணவரான வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

கால்கள் செய்யும் காரியம் ஒன்றேயாயினும், இச்சொற்கள் காலைக் காட்டிலும் மனத்தையும் பாதையையும் பற்றியே அதிகமாகப் பேசுகின்றன. காரியம் ஏதுமின்றிக் காற்று வாங்க உலாவுவது ஸ்ட்ரோல். களைப்பினாலோ, போக மனமில்லாமலோ, கனத்த காலை இழுத்து இழுத்து வைப்பது ட்ரட்ஜ். உல்லாசத்துக்காகக் காட்டிலும் மேட்டிலும் நெடுந்தூரம் நடப்பது ஹைக். ஆம்பிள் என்பதோ, ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்தெடுத்து வைத்து, மேலிருப்பவரைக் குலுக்காமல் செல்லும் குதிரையின் மென்னடைக்கு வழங்கி, பிறகு சாவகாசமாக நடக்கும் மனிதனுக்கும் வந்து சேர்ந்தது.

இவற்றுள் என்னை நெடுநாளாக வசீகரித்து வருவது ட்ரெக். டச்சு மொழியில் இழுத்தலைக் குறிக்கும் இச்சொல், தென்னாப்பிரிக்காவின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. 1830களின் நடுவில், கேப் காலனியில் பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்த, டச்சு வம்சாவளியினரான போயர் குடியானவர்கள், பல ஜோடி எருதுகள் பூட்டிய பாரவண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கூட்டங்கூட்டமாக உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். சரித்திரம் அதனை 'மகா ட்ரெக்' என்கிறது. இழுத்தவை எருதுகளே எனினும், எங்கள் ஊரில் மேடு வந்ததும் வண்டிக்காரர் குதித்திறங்கி நுகத்தடியோரமாக நடந்து வருவாரே, அதுபோல அங்கும் மனிதர்கள் வண்டியோடு கூடவே நடந்தார்கள். பின்னாளில் இச்சொல் இமயமலைக்கும் ஏறியது. கூர்க்கா படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜிம்மி ராபர்ட்ஸ் என்பவர், 1964ல் நேபாளத்தில் 'மவுன்டன் டிராவல்' நிறுவனத்தைத் தொடங்கி, இமயத்து நெடுநடைகளுக்கு யாத்திரிகர்களை அழைத்துச் செல்லலானார். அந்நடைகளுக்கும் ட்ரெக் என்றே பெயர். மாட்டு வண்டியோடு பிறந்த சொல், வண்டிச் சக்கரமே உருள முடியாத பாதைகளில் பிரசித்தி பெற்றது விசித்திரந்தான்.

இன்றோ, பஸ் நிற்குமிடத்திலிருந்து அருவிக்கரை வரை அரைமணி நேரம் நடப்பதையும் விளம்பரக்காரர்கள் ட்ரெக் என்கிறார்கள். உழைப்பைச் சொல்லப் பிறந்த சொல்லை உழைப்பில்லாத இடத்தில் வைப்பது அதன் சத்தை உறிஞ்சிவிடுவதாகும். நோட்ஸ் புத்தகங்கள் செய்யும் அபசாரமும் அதுவே.

ஆகவே நம் மாணவ நண்பர், நடப்பவர் யார், எதற்காக நடக்கிறார், எவ்வளவு தூரம், எந்த மனநிலையில் என்று விசாரித்தறிந்த பின்பே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பாராக. இவற்றுள் ஒன்றும் தெரியாதவிடத்து 'வாக்' என்றே எழுதிவிடுவது உத்தமம்.