மண்ணுக்குள் கிடக்கும் உரோமக் கண்ணாடி

பொன்னைச் சேர்ப்போர் பலர். வெள்ளியைச் சேர்ப்போரும் பலர். உடைந்த கண்ணாடியைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உண்டு என்றால் நம்மிற் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமப் பேரரசில் செய்யப்பட்ட கண்ணாடிக் கலங்களைச் சேர்ப்பது மேனாட்டில் நெடுநாளைய வழக்கம். பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் குடியேறி வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. அக்கண்ணாடி வந்திறங்கிய முசிறித் துறை, இடுக்கி மலைகளினூடே ஓடிவரும் பெரியாற்றின் கழிமுகத்தை அடுத்து இருந்தது. மேலைக் கடற்கரையிலிருந்து கொங்கு நாட்டிற்குச் சென்ற பெருவழியோ, நாம் இன்று ஊருக்குச் சென்று திரும்பும் பாலக்காட்டுக் கணவாயே ஆகும். 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரிலும், 1945இல் திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் கிடைத்த உரோமக் காசுகள் அவ்வழியின் பழமைக்குச் சான்று பகர்கின்றன.

ஊதிச் செய்த வியப்பு

மணலை உருக்கினால் கண்ணாடி ஆகும். ஆனால் மணல் எளிதில் உருகாது. உருக்குவதற்கு உவர்ப்பொருள் ஒன்று வேண்டும். உரோமர் காலத்தார் எகிப்து நாட்டு உவர் ஏரிகளில் கிடைத்த நேட்ரான் என்னும் உப்பை மணலோடு சேர்த்து உருக்கினர்.

கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலத்தீனக் கரையோரத்தில் புதிய முறை ஒன்று தோன்றியது. குழாயின் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினர். கண்ணாடி குமிழ்போல் விரிந்து கலமாயிற்று. அதுவரை செல்வர் இல்லத்தில் மட்டும் இருந்த பொருள் எளியோர் கைக்கும் வந்தது. நறுநெய் வைக்கும் சிறு குப்பிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன.

ஊதாமலே செய்த கலங்களும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது வரிப்புடைப்புக் கிண்ணம். பூசணிக்காயின் புறத்தே காணும் வரிகளைப் போல அதன் வெளிப்புறத்தில் புடைப்புகள் நிற்கும். நீலம், பச்சை, தேன் நிறம் எனப் பல வண்ணங்களில் அது கிடைக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் அது பெரிதும் வழங்கியது.

முசிறியும் அரிக்கமேடும்

கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், முசிறிப் பகுதியில் இறக்குமதியான சரக்குகளைக் கூறுகிறது. செம்பு, ஈயம், பவளம் ஆகியவற்றோடு பண்படாக் கண்ணாடியும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அஃதாவது, கலமாகச் செய்யப்படாத கண்ணாடிக் கட்டிகளும் கப்பலேறி வந்தன. இங்குள்ள கைவினைஞர் அவற்றை மீண்டும் உருக்கிப் பயன்கொண்டிருத்தல் கூடும்.

வடக்கன் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரே பண்டைய முசிறி என அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கே 2007ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் பி. ஜே. செறியான் தலைமையில் அகழ்ந்தனர். மதுச்சாடி ஓடுகளும், எண்ணற்ற பாசிமணிகளும், மேற்கூறிய வரிப்புடைப்புக் கிண்ணத்தின் துண்டுகளும் கிடைத்தன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் அத்தகைய கிண்ணத் துண்டுகள் கிடைத்துள்ளன.

அரிக்கமேட்டின் வரலாறு நமக்கு ஒரு பாடமும் ஆகும். 1937 அளவில் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், அவ்வூர்ச் சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். அவ்வூரின் பெருமை வெளிவர அவர் காட்டிய ஆர்வம் துணைசெய்தது. ஆயினும், சிறுவர்கள் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு அவற்றைக் கண்டெடுத்தனர் என்பது யாருக்குத் தெரியும்? 1945இல் மார்ட்டிமர் வீலர் அடுக்கடுக்காக அகழ்ந்த பின்னரே அவ்வூரின் காலம் விளங்கலாயிற்று.

அழகா, சான்றா?

கண்ணாடி சேர்ப்போர் பெரிதும் விரும்புவது அதன் மேல் மயிற்கழுத்துப் போல மின்னும் வண்ணத்தை. செய்தவன் இட்ட வண்ணம் அன்று அது. மண்ணின் ஈரம் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடியை அரித்ததால் மெல்லிய படலங்கள் உண்டாயின. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதே அம்மினுக்கம். அதைப் போலியாக உண்டாக்கி விற்போரும் உளர்.

ஆராய்வோர் தேடுவது வேறு. நீல நிறத் துண்டு இரண்டு அருகருகே இருந்தால், உரோம நாட்டுக் கண்ணாடி எது, நம் நாட்டு உலையில் விளைந்தது எது என்று கண்ணால் மட்டும் பார்த்துக் கூறுதல் அரிது. தென்னாட்டுக் கண்ணாடியில் அலுமினா மிகுதி. நேட்ரான் சேர்த்த உரோமக் கண்ணாடியில் அது குறைவு. வேதியியல் ஆய்வே அவ்வேறுபாட்டைக் காட்டும்.

அவ்வாய்வும் பிறந்த இடத்தைத்தான் கூறும். வந்து சேர்ந்த கதையைக் கூறாது. அதனைக் கூறுவது அருகில் கிடந்த பானை ஓடும், மேலும் கீழும் படிந்த மண்ணுமே. விரல்நுனி அளவுள்ள வரிப்புடைப்புத் துண்டு ஒன்று மண்ணடுக்கில் இருந்தால், அந்த அடுக்கின் காலத்தை அறிய அது உதவும். நம் வீட்டு நிலைப்பேழையில் இருந்தால் அழகிய உடைசல் மட்டுமே!

நாம் செய்யத்தக்கது

நம்மவர் மண்ணோடு பழகுபவர். சித்தூர்ப் பகுதியில் கிணறு வெட்டுகிறோம். மலைமேல் ஏலத்திற்குக் குழி தோண்டுகிறோம். மறையூரில் முனியறை என்று வழங்கும் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பல உள்ளன. இத்தகைய நிலத்தில் மணியோ, காசோ, கண்ணாடித் துண்டோ மண்வெட்டியில் பட்டால் என் செய்வது?

முதலில், தோண்டுவதை நிறுத்துக. பொருளைக் கழுவுதலும் தேய்த்தலும் வேண்டா. கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, கிராம அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டு முதலே உள்ள சட்டம். கேரளம் 1968இல் தனக்கெனப் புதையல் சட்டம் இயற்றியது. தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, இரவில் வந்து ரொக்கம் நீட்டும் தரகரிடம் எச்சரிக்கை வேண்டும்.

சேர்க்கும் ஆர்வம் உடைய இளைஞர்க்கும் வழி உண்டு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணலாம். பார்த்தவற்றை வரைந்து, அளந்து, குறிப்பேட்டில் சேர்க்கலாம். வயல் வரப்பில் தென்படும் பழைய ஓடுகளின் இடங்களை ஊர்ப்படத்தில் குறிக்கலாம். அத்தொகுப்பை எவரும் திருட இயலாது.

பிழைப்புத் தேடி மலை கடந்து வந்தவர்கள் என்று நம்மைக் கூறுவர். இக்கணவாய் வழியே ஈராயிரம் ஆண்டுகளாக மணியும் மிளகும் காசும், அவற்றைச் சுமந்த மக்களும் இரு பக்கமும் சென்று வந்தனர். அதற்கு ஏட்டுச் சான்று சிறிதே. மண்ணில் உள்ள சான்றே பெரிது. அதனைக் குலையாமல் நம் மக்களுக்கு விட்டுச் செல்வோமாக.